ஊரில் கல்யாணம், பினாங்கில் குடித்தனம்: மனைவிக்கு நீண்டகால பாஸ் எடுப்பது எப்படி?

பிறைத்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த், பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். தை மாதம் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். பெண் அந்த ஊர்தான், அப்பா வழியில் தூரத்துச் சொந்தம், பி.காம் முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். கல்யாணம் முடிந்ததும் இங்கே கூட்டி வரவேண்டும், ஆனால் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா சொல்கிறார், இப்போதெல்லாம் இந்தியாக்காரர்களுக்கு விசாவே வேண்டாம், டிக்கெட்டைப் போட்டுக் கூட்டி வா, மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், 'உள்ளே ஆள் இருக்கு தம்பி' என்கிறார். கல்யாணத்தை அங்கே பதிவதா இங்கே பதிவதா, அவர் இங்கே வேலைக்குப் போகலாமா, சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) கிடைக்க எவ்வளவு காலம் ஆகும், இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேள்விப்பட்டதை விட பட்டவர்கள் சொன்னால் நல்லது.

செந்தூல்காரி:
வாழ்த்து தம்பி. நான் மதுரைக்காரி, வாக்கப்பட்டது செந்தூலில். சுற்றுலா நுழைவில் தொடங்கி சிவப்பு ஐசி வரை எல்லாக் கவுண்டரிலும் உட்கார்ந்து எழுந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மாமா சொல்வது பாதி உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம், அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியும் விட்டார்கள். ஆனால் அது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. குடித்தனம் நடத்த வருகிறவருக்கு வேண்டியது நீண்டகால சமூக வருகை பாஸ். அதை ஊரில் இருந்துகொண்டு எடுக்க முடியாது. அவர் முறையாக நுழைந்து, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கேதான் மனுச் செய்யவேண்டும். ஆக அந்த 30 நாள் என்பது உனக்குத் தேனிலவுக் காலம் இல்லை, பேப்பர் வேலைக் காலம்.

அந்தப் பேப்பர்களில் முதலாவது, மலேசியாவில் செல்லுபடியாகும் திருமணப் பதிவு. ஊர்ச் சான்றிதழை மட்டும் நீட்டினால் 'முதலில் ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) போய் வா' என்று திருப்பிவிடுவார்கள். அங்கே ஒரு வரிசை, மொழிபெயர்ப்புக்கு ஒரு அலைச்சல், அதற்குள் பாதி மாதம் ஓடிவிடும். அதனால் முகூர்த்தம் முடிந்த கையோடு அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழை வாங்கு, லீவு இருந்தால் சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்தில் பதிவு வேலையையும் முடித்துவிட்டு விமானம் ஏறு. விருந்துக்கு வீடு வீடாகப் போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள், சொந்தக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

விமானம் ஏறும்முன் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப மறக்காதே, வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும், 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். அது இலவசம். கூகுளில் தேடினால் காசு கேட்கும் தளங்கள் வரும், அதில் மாட்டாதே, குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்பு.

அப்புறம் மனு. உன் ஐசி, பிறப்புப் பத்திரம், அவருடைய கடப்பிதழ் எல்லாப் பக்கமும், திருமணப் பதிவு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டு மின்கட்டண பில், கல்யாணப் படங்கள். எல்லாவற்றுக்கும் அசலும் ஃபோட்டோஸ்டாட்டும். ஐஎம்எம் 12 பாரம். பாண்ட் (பொறுப்புறுதி) பத்திரத்துக்கு வருமான வரி அலுவலகத்தில் 10 வெள்ளிக்கு முத்திரை. படம் எதற்கு என்று கேட்காதே. எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஆல்பத்தை மெதுவாகப் புரட்டி, தாலி கட்டும் படத்தில் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஓர் அம்மாவின் மேல் விரலை வைத்து, 'சியாப்பா இனி?' (யார் இது?) என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இவர் திருதிருவென்று முழித்தார். என் சின்னம்மா அது, அவர் ஒரே ஒருநாள் பார்த்த முகம். நான் வாயைத் திறக்கப் போனேன், அதிகாரி கையை உயர்த்தி நிறுத்திவிட்டு 'அவர் சொல்லட்டும்' என்றார். பணத்துக்காகப் போலிக் கல்யாணம் செய்கிறவர்கள் இருப்பதால் இந்தச் சோதனை. கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டு உறவுமுறை எல்லாம் தெரிந்து வைத்துக்கொள்.

எனக்கு முதலில் ஒரு வருடத்துக்குத்தான் கொடுத்தார்கள், போகப் போக நீட்டிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் வரை கொடுக்க இடமுண்டு. ஒவ்வொரு தடவையும் கணவர் கூட வரவேண்டும், இதை உன் சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வை.

கிள்ளான்_ராஜா:
அக்கா ரொம்பப் பயமுறுத்துறீங்க. என் அண்ணன் எல்லாத்தையும் ஏஜென்ட் கையில் கொடுத்தார், ஒரு வேலையும் தெரியாம முடிஞ்சுது. காசு போனாலும் தலைவலி மிச்சம். அப்படியே 30 நாள் முடியப்போகுதுன்னா பாடாங் பெசார் வழியா ஹாட்யாய் போய் ஒருநாள் இருந்துட்டு வந்தா இன்னொரு 30 நாள், பினாங்குக்காரங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமா?

பழைய_கிராணி:
ராஜா, ஹாட்யாய் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். நுழைய விடுவதும் விடாததும் ஒவ்வொரு தடவையும் எல்லையில் நிற்கும் அதிகாரியின் முடிவு. 2025 பிப்ரவரியிலிருந்து நுழைவாயில்களைப் பார்த்துக்கொள்வது ஏகேபிஎஸ் என்ற புது எல்லை நிறுவனம். நேற்று வெளியே போனவர் இன்று திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் இருப்பார்களா? கணவன் பட்டர்வொர்த்தில், மனைவி ஹாட்யாயில் என்று நின்றால் அப்போது எந்த ஏஜென்ட் போனை எடுப்பார்?

ஏஜென்ட் விஷயம் இன்னும் எளிது. கணவன் மனைவி இரண்டு பேரும் நேரில் போயே ஆகவேண்டும். பாரம் நிரப்புவது, ஃபோட்டோஸ்டாட் எடுப்பது, வரிசையில் நம்பர் எடுப்பது, இதற்கு 6,000 வெள்ளியா? அவசரத்துக்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் குடிநுழைவுத் துறையின் ஆன்லைன் முன்பதிவு இருக்கிறது. மெயின்லண்டில் இருக்கிற தம்பிக்கு செபராங் ஜெயாவில், ஜாலான் கெலாசாவில் இருக்கும் கேடிஎன் (உள்துறை அமைச்சு) கட்டடமே போதும். 'உள்ளே ஆள்' என்று சொல்லி கடப்பிதழில் ஒட்டித் தரும் பாஸ் ஸ்டிக்கர் உண்மையானதா என்று விமான நிலையத்தில்தான் தெரியவரும். பாரம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் கூலி கொடுத்து எழுதி வாங்கட்டும், அது வேறு. கடப்பிதழை மட்டும் யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது பதிவு. இந்த நாட்டில் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்கு 1976 ஆம் ஆண்டுச் சட்டம், 164 என்று எண். அதன் கீழ் பதியாத கல்யாணத்தை, ஆயிரம் பேர் வந்து அட்சதை போட்டிருந்தாலும், அரசாங்கம் கல்யாணமாகப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை ஆறு மாதத்துக்குள் பக்கத்திலிருக்கும் மலேசியத் தூதரகத்தில் பதியவேண்டும். அதற்குள் ஊர் திரும்பிவிட்டால், திரும்பிய ஆறு மாதத்துக்குள் இங்கே ஜேபிஎன்னில் பதியவேண்டும். பெண்ணை முன்கூட்டியே வரவழைத்து இங்கேயே முதலில் பதிந்துவிட்டு, அப்புறம் ஊரில் போய்த் தாலி கட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு இந்தியத் தூதரகத்திலிருந்து 'மணமாகாதவர்' என்ற கடிதம் வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைக்காக. அப்பா மலேசியர், பிள்ளை பிறந்தது பினாங்கு மருத்துவமனையில், ஆனால் கல்யாணம் பதிவாகவில்லை என்றால், கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி அந்தப் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாய் இந்தியர் என்றால் பிள்ளை மலேசியர் இல்லை. அப்புறம் பதிந்தாலும் பிள்ளையின் நிலை தானாக மாறாது, கோர்ட் வரை போன குடும்பங்கள் இருக்கின்றன. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. அந்தப் பிள்ளைக்கு அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், பிறந்தபோது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான் வேலை செய்த காலத்தில் சிவப்பு நிறப் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோமே என்பார்கள். அந்தக் கோயிலில் அரசாங்கம் நியமித்த உதவிப் பதிவாளர் இருந்தாரா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிள்ளான்_ராஜா:
சரி ஐயா, பிள்ளை விஷயம் தெரியாது. ஹாட்யாய் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஏஜென்ட் விஷயத்தில் அண்ணனிடம் ஸ்டிக்கரைக் காட்டச் சொல்றேன்.

லெபோ_பாசார்_சரவணன்:
இதே இழையில் கேட்கலாமா தெரியவில்லை. என் மச்சான் ராமநாதபுரத்தில் இருக்கிறான். இந்த விசா இல்லாத 30 நாளில் வந்து இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பெர்மிட் போட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் ஒரு ஆள் ஒன்றரை லட்சம் கேட்கிறாராம்.

மஸ்ஜிட்_இந்தியா_பாய்:
சரவணன் தம்பி, நான் கேஎல்லில் இருபது வருடத்துக்கு மேல் கடை நடத்துகிறவன், சொல்கிறேன் கேளுங்கள். வேண்டாம். வருகைப் பாஸில் வந்தவரை இங்கே வைத்தே வேலைப் பெர்மிட்டுக்கு மாற்றுவது வழக்கமான வழி கிடையாது. தொழிலாளிப் பெர்மிட் முதலாளியிடமிருந்து தொடங்குகிறது. முதலாளிக்கு ஒதுக்கீடு கிடைக்கவேண்டும், அப்புறம் ஆள் பெயரில் விடிஆர் என்ற அனுமதி வரவேண்டும், அதைக் காட்டி ஊரில் விசா எடுத்து, அப்புறம்தான் விமானம். இங்கே இறங்கியதும் ஃபோமேமா மருத்துவச் சோதனை. பெர்மிட்டில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை செய்யலாம்.

சோதனைக்கு வந்தால் சமையலறைப் பின்வாசலைத்தான் முதலில் அடைப்பார்கள். பாஸ் நிபந்தனையை மீறி வேலை செய்தவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தங்கும் நாளைத் தாண்டிவிட்டால் குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவு, அங்கே அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது, சிறை ஐந்து வருடம் வரை. வைத்திருந்த முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை. எந்தக் கடைக்காரர் இதற்குத் துணிவார் என்று நினைக்கிறீர்கள்? துணிகிறவரிடம் சம்பளமும் ஒழுங்காக வராது, கேட்டால் 'போலீஸில் சொல்லு' என்பார்.

இன்னொன்று, மச்சான் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை என்றால் அவர் கடப்பிதழ் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) வகையாக இருக்கும். வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக வாங்கவேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இங்கே வந்த பிறகு முதலாளி கடப்பிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால், அது 1966ஆம் வருடக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பாதிப் பேருக்கு இது தெரியாது, முதலாளிமாருக்கும் சேர்த்துத்தான்.

லெபோ_பாசார்_சரவணன்:
பாய், ரொம்ப நன்றி. பணம் இன்னும் கொடுக்கவில்லை. இன்றைக்கே தங்கச்சியிடம் பேசிவிடுகிறேன்.

கூலிம்_மீனா:
எல்லாரும் மனைவி பக்கமே பேசுகிறீர்களே. என் கதையைக் கேளுங்கள். நான் மலேசியப் பெண், வீட்டுக்காரர் திருச்சிக்காரர். பாஸ் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் அதற்கு மேல் போனால் வழி பிரிந்துவிடும். வெளிநாட்டு மனைவி குடியுரிமைக்கு மனுச் செய்ய அரசமைப்பின் 15(1) இருக்கிறது. வெளிநாட்டுக் கணவனுக்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது. அவர் 19ஆவது பிரிவில் மற்ற வெளிநாட்டவரோடு சேர்ந்து வரிசையில் நிற்கவேண்டும், 12 வருடத்தில் 10 வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும், மலாய் தெரிந்திருக்கவேண்டும். ஏதோ ஆம்பளை என்றால் மனைவியைத் தன் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவான் என்று 1957இல் எழுதி வைத்தார்கள் போல. என் வீட்டுக்காரர் கூலிம் ரப்பர் மரத்தைத் தவிர வேறெங்கும் போகிறதாக இல்லை.

பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். மலேசிய அப்பாவுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை சட்டப்படியே குடிமகன், மலேசிய அம்மாவுக்கு அந்த உரிமை இல்லாமல் இருந்தது. ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும் சில அம்மாக்களும் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவையில் அரசமைப்புத் திருத்தமே நிறைவேறியது, அம்மாவையும் சேர்த்தார்கள். ஊரில் போய்ப் பிரசவம் பார்க்க நினைக்கிற மலேசியப் பெண்கள் அமலாக்கத் தேதியை உள்துறை அமைச்சில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். எனக்கு இரண்டு பிள்ளையும் கூலிம் மருத்துவமனையில்தான். எட்டு மாத வயிற்றோடு அம்மா வீட்டுச் சாப்பாட்டை நினைத்து அழுதாலும் திருச்சிக்கு விமானம் ஏறவில்லை.

பிறைத்தம்பி:
அக்கா, ஐயா, பாய், எல்லாருக்கும் நன்றி. பதிவு விஷயம் தெளிவாகிவிட்டது, ஏஜென்ட்டை விட்டுவிட்டேன். வேலை, சிவப்பு ஐசி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டில் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

செந்தூல்காரி:
சும்மா இருக்கிற பெண் யாரப்பா? சரி, வேலை. பாஸில் வேலை செய்யக்கூடாது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பல பேர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். மலேசியரின் கணவனோ மனைவியோ என்றால் அதே பாஸில் வேலை அனுமதி கேட்டு வாங்கலாம், தனிப் பெர்மிட் தேவையில்லை. வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தோடு குடிநுழைவுத் துறையில் மனுச் செய்யவேண்டும். சிக்கல் சட்டத்தில் இல்லை, நிறுவனங்களில் இருக்கிறது. எனக்கு வேலை தருவதாகச் சொன்ன ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பெண் என் பாஸைப் பார்த்துவிட்டு, 'வெளிநாட்டவருக்கு பெர்மிட் எடுக்க எங்களிடம் கோட்டா இல்லை' என்றார். கோட்டாவே வேண்டாம் என்று நான் சொன்னதை நம்பவில்லை, மேலிடத்தில் கேட்கிறேன் என்று போனவர்தான். குடிநுழைவுத் துறைத் தளத்தில் இந்த வசதி பற்றி உள்ள பக்கத்தை அச்செடுத்து அவர் கோப்பிலேயே வைத்துவிடு, நேர்முகத்துக்குப் போகும்போது கூடவே போகட்டும். வேலை கிடைத்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பார்கள், 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் அது கட்டாயம், ஊழியர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு.

சிவப்பு ஐசி: இந்தப் பாஸில் ஐந்து வருடம் விடாமல் இருந்த பிறகு மனுச் செய்யலாம். செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். மனுச் செய்த பிறகு காத்திருப்பதற்குக் கணக்கே கிடையாது, என்னோடு மனுப் போட்ட ஒரு தோழிக்கு இன்னும் வரவில்லை. அந்த ஐந்து வருடத்தில் பாஸ் ஒருநாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் கையில் இருக்கிறது. கடப்பிதழ் முடியும் தேதியைத் தாண்டிப் பாஸ் தரமாட்டார்கள், அதனால் அவருடைய கடப்பிதழில் காலம் குறைவாக இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு வரட்டும்.

மலாயை முதல் மாதத்திலிருந்தே பேச வை. 2024 திருத்தத்தில் வெளிநாட்டு மனைவிக்கும் மலாய்த் தேர்ச்சியை நிபந்தனையாக்கிவிட்டார்கள். என் மாமியார் என்னைக் கையோடு பாசாருக்குக் கூட்டிப் போய் மீன்காரரிடம் பேச விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். கோபமாக வரும். ஆனால் ஜேபிஎன்னில் நேர்முகத்துக்குப் போனபோது எனக்கு வாய் குழறவில்லை.

தாமான்_துன்_தேவி:
ஒரு சின்னக் கேள்வி, மாமனார் மாமியாரையும் நிரந்தரமாக இங்கே வைத்துக்கொள்ள எம்எம்2எச் (வசதியுள்ள வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்கும் திட்டம்) போடலாமா?

பழைய_கிராணி:
காசு இருந்தால் போடலாம் அம்மா. 2024இல் மாற்றி அமைத்த பிறகு சில்வர் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு 6,00,000 வெள்ளிக்குக் குறையாத வீடு வாங்கவேண்டும், பாஸ் ஐந்து வருடத்துக்கு. கும்பகோணத்தில் நிலம் விற்றுத்தான் வரவேண்டியிருக்கும். பிள்ளைகளைப் பார்க்க வந்து போவதற்கு அந்த 30 நாளே தாராளம்.

பிறைத்தம்பி:
கடைசியாக ஒன்று. அவர் கடப்பிதழில் பெயர் முழுதாக இருக்கிறது, அப்பா பெயர் சர்நேம் இடத்தில். டிகிரி சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் மட்டும். கல்யாணப் பத்திரிகையில் எல்லாரும் கூப்பிடும் பெயர். இது பிரச்சினை ஆகுமா?

பழைய_கிராணி:
ஆகும், நல்லவேளை இப்போது கேட்டீர்கள். இங்கே கவுண்டரில் எல்லாவற்றையும் கடப்பிதழோடுதான் ஒப்பிடுவார்கள், எழுத்துக்கு எழுத்து. பத்திரிகையில் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் மட்டும் கடப்பிதழில் இருக்கிறபடியே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. அங்கே எழுத்தர் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு தட்டச்சு செய்துவிடுவார், அதைக் கையெழுத்துப் போடும்முன் நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். உங்கள் பெயரையும் ஐசியில் உள்ளபடி, ஏ/எல் (அனாக் லெலாகி, அதாவது மகன்) உட்பட. டிகிரி சான்றிதழ் வேலைக்குத்தானே, அதற்கு 'இருவரும் ஒருவரே' என்று ஊரில் ஒரு நோட்டரி உறுதிமொழி எடுத்து வரச் சொல்லுங்கள்.

செந்தூல்காரி:
கல்யாணமானதும் கடப்பிதழில் உன் பெயரைச் சேர்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் பாஸ் கைக்கு வரும்வரை தடுத்து வை. நடுவில் கடப்பிதழ் எண் மாறினால் எல்லாப் பாரத்தையும் மறுபடி எழுதவேண்டும். அப்புறம், செபராங் ஜெயா போகும்போது அரைக்கால் சட்டை, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம் தம்பி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறைத்தம்பி:
சரி அக்கா. ஃபேக்டரி பூட்ஸோடே போகிறேன். கடப்பிதழ் முதல் பக்கத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் மனுவை எழுதிப் பார்த்துவிட்டு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கிறேன்.